பதினோரு மாதத் திருமணம், பதினெட்டு வருடக் கணக்கு

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய ஒப்பந்த வரைவை நிதானமாகப் படித்தேன். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் நகை, சீர்சாமான், கல்யாணச் செலவு, இரு தரப்பும் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு பத்தி: இரண்டு வயதுப் பெண் குழந்தை தாயிடமே இருக்கும், எதிர்மனுதாரர் 8 லட்சம் ரூபாய் ஒரே தவணையில் தருவார், அதைப் பெற்றுக்கொண்டபின் மனுதாரருக்கோ குழந்தைக்கோ எக்காலத்திலும் எந்தக் கோரிக்கையும் கிடையாது. பெண் வீட்டார் தயாராக இருக்கிறார்கள், கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா அக்கா என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன். குடும்ப நல நீதிமன்றத்துக்கு உன்னைப் போல் புதிதாக வந்திருப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையான கடிதமாக எழுதுகிறேன். கட்சிக்காரர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றிவிட்டேன்.

தொகை குறைவு என்பது அந்த வரைவின் இரண்டாவது கோளாறுதான். முதல் கோளாறு, தாயின் பணமும் குழந்தையின் பணமும் ஒரே தொகையாகக் கலந்துவிட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தது பதினோரு மாதம். பேசித் தீர்க்க உட்கார்ந்த பெரியவர்கள் எல்லோர் மனதிலும் ஓடியது ஒரே கேள்வி: “பதினோரு மாசத்துக்கு எட்டு லட்சம் போதாதா?” தாயைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. குழந்தையைப் பொறுத்தவரை துளியும் இல்லை. அப்பா அம்மா எத்தனை மாதம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதை வைத்து ஒரு குழந்தைக்குப் பாலும் பள்ளிக்கூடமும் குறைந்துவிடுவதில்லை.

தாயின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்துக்கு எந்தச் சூத்திரமும் தரவில்லை. இருவரின் வருமானம், சொத்து, நடத்தை, மற்றச் சூழ்நிலைகள் எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்கிறது, அவ்வளவுதான். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது: இந்தக் காலத்தில் பல திருமணங்கள் அதிக நாள் நீடிப்பதில்லை, அப்படியான இடத்தில் ஆயுள் முழுக்க ஜீவனாம்சம் கொடு என்பது நியாயமாக இல்லாமல் போகலாம், திருமணம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. குறுகிய காலமே சேர்ந்து வாழ்ந்த தம்பதி, பெரும் பணக்காரரான கணவர். அவருடைய முதல் மனைவிக்குக் கிடைத்ததைக் காட்டி இரண்டாவது மனைவி தனக்கும் அந்த அளவுக்குக் கேட்டார். உச்ச நீதிமன்றம் 12 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆனால் ஜீவனாம்சம் இருவரின் சொத்தையும் சமமாக்குகிற ஏற்பாடு அல்ல என்று கறாராகவே எழுதியது. 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம், ரயில்வேயில் உயர் அதிகாரியாக இருந்த மனைவிக்கு நிரந்தர ஜீவனாம்சமே இல்லை என்றது. சேர்ந்து வாழ்ந்த காலம் குறைவு, குழந்தை இல்லை, சொந்தச் சம்பளம் போதுமானதாக இருக்கிறது என்பவை காரணங்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் இவற்றையெல்லாம் உன் முன்னால் அடுக்குவார். பதறாதே. காலத்தைப் பார்க்கச் சொன்ன அதே ரஜ்னேஷ் தீர்ப்பு, குடும்பத்துக்காக மனைவி வேலையை விட்டாரா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. உன் கட்சிக்காரர் கோயம்புத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கணவன் ஊருக்குப் போனவர். பிறகு கர்ப்பம், பிரசவம், கைக்குழந்தை, அதற்குள் வழக்கு. இன்று அவர் வேலைக்கு விண்ணப்பித்தால் அந்த இடைவெளியைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். திருமணம் நீடித்தது பதினோரு மாதம் என்றாலும் அது அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட காலம் அதைப்போல் மூன்று மடங்கு. இதை நீ வாயால் வாதாடினால் போதாது. பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர், கடைசிச் சம்பளச் சீட்டு, மறுபடி வேலைக்குப் போக வேண்டுமென்றால் படிக்க வேண்டிய கோர்ஸின் கட்டண விவரம் மூன்றையும் கட்டில் சேர். “படித்தவர்தானே, சம்பாதிக்கலாமே” என்று வாதம் வரும். சம்பாதிக்கத் தகுதி இருப்பது வேறு, சம்பாதித்துக்கொண்டிருப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லியிருக்கிறது. ஆயுள் முழுவதற்கும் கேட்காதே. மறுபடி காலூன்ற எவ்வளவு காலம், அதுவரை மாதம் எவ்வளவு என்று கேள். குறுகிய காலத் திருமணத்தில் நீதிபதி காதுகொடுத்துக் கேட்பது இப்படிப்பட்ட கோரிக்கையைத்தான்.

நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உன் வரைவில் “35 சவரன் நகையைத் திருப்பித் தருவதோடு 8 லட்சம் ரூபாயும்” என்று எழுதியிருக்கிறார்கள், ஏதோ நகையைத் தருவதும் ஒரு சலுகை போல. பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணின் சொத்து. அது ஜீவனாம்சக் கணக்கில் வரவே வராது. தனிப் பட்டியலாகப் பிரி. கல்யாண ஆல்பத்தையும் கடை ரசீதையும் வைத்துக்கொண்டு உருப்படி உருப்படியாக எழுது. அடகில் இருக்கிற நகை எது, எந்த வங்கியில், எந்தத் தேதிக்குள் மீட்டுத் தருவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் “நகையெல்லாம் வந்துரும்மா” என்று சொன்ன நகை, விவாகரத்து உத்தரவு கைக்கு வந்த பிறகு வராமலே போவதை நீயும் பார்ப்பாய்.

தாய்க்கு ஒரே தவணையில் பணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால் இந்த வயதில் அதுதான் அவருக்கு நல்லது. மாதா மாதம் வரும் ஜீவனாம்சத்தை மறுமணம் செய்தால் ரத்து செய்யலாம் என்று 25-ஆம் பிரிவே சொல்கிறது. அவருக்கு இருபத்தேழு வயது, வீட்டில் இப்போதே மறுமணப் பேச்சு தொடங்கியிருக்கும். ஒருவனிடம் மாதாமாதம் கையேந்துகிற நிலையும், அவன் இவளைக் கண்காணித்துக்கொண்டிருக்கிற நிலையும் இருவருக்குமே நல்லதல்ல.

குழந்தையின் கணக்குக்கு இது எதுவும் பொருந்தாது. தாய் மறுமணம் செய்துகொண்டாலும் பெற்ற தகப்பனின் பொறுப்பு போகாது. தாய் தவறு செய்தார் என்று நிரூபணமானாலும், காரணமில்லாமல் பிரிந்து போனார் என்று தீர்ப்பு வந்தாலும், இருவரும் சம்மதித்தே பிரிந்திருந்தாலும் தாயின் உரிமை பாதிக்கப்படலாம், குழந்தையின் உரிமை பாதிக்கப்படாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக வந்திருக்கிறது. எண் மாறியதே தவிர இந்த அடிப்படை மாறவில்லை. அது எல்லா மதத்தாருக்கும் உண்டு. விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் அதன்கீழ் வரலாம் என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. அப்பெண்களின் குழந்தைகளுக்கு இருந்த உரிமையை அது 1997-லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. இந்துக்களுக்கு 1956-ஆம் வருடத்து இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் இருக்கிறது. அது குழந்தையைக் காப்பாற்றும் கடமையைத் தகப்பன், தாய் இருவர்மீதும் வைக்கிறது. ஆகவே தாயின் பங்கும் உண்டு. அதை மறைக்காதே, எடுத்துச் சொல். 2000-இல் இருவருமே வேலையில் இருந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் செலவைத் தகப்பனுக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்தது.

அதனால் மனு போடும்போதே தாயை 1-ஆவது மனுதாரராகவும் குழந்தையை, தாய் பிரதிநிதியாக, 2-ஆவது மனுதாரராகவும் காட்டு. இருவருக்கும் தனித்தனித் தொகை கேள். “மனுதாரர்களுக்கு மாதம் 20,000” என்று சேர்த்து எழுதுகிற பழக்கம் நம் நீதிமன்ற வளாகங்களில் நிறைய உண்டு. தாயின் கோரிக்கை விழுந்தால் குழந்தையுடையதும் சேர்ந்து விழுந்த மாதிரி ஆகிவிடும், அல்லது எவ்வளவு யாருக்கு என்று தெரியாமல் மறுபடி ஒரு மனு போட வேண்டியிருக்கும். ரஜ்னேஷ் வழக்கையே எடுத்துப் பார். மகன் பிறந்த சிறிது காலத்தில், 2013 ஜனவரியில் மனைவி கணவன் வீட்டை விட்டு வந்தார். குடும்ப நல நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் மனைவிக்கு மாதம் 15,000 என்றும், மகனுக்கு 2015 ஆகஸ்டு வரை மாதம் 5,000, அதன்பின் 10,000 என்றும் பிரித்தே எழுதியது. மனைவியின் தொகை அப்படியே இருக்க, மகனின் தொகை மட்டும் வளர்ந்ததைக் கவனி. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2020 நவம்பர். கைக்குழந்தையாக வழக்குக்குள் வந்த பையன் அதற்குள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டான். அந்தத் தீர்ப்பை எல்லோரும் வழிகாட்டு நெறிகளுக்காகத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் மனதைத் தைப்பது அந்த ஏழு வருடம்.

அந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் அபிடவிட் முறையைக் கொண்டுவந்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்மனுதாரருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஜீவனாம்சம் மனுத் தாக்கலான தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். ஆகவே விவாகரத்து மனு தயாராகட்டும் என்று காத்திருக்காதே. இந்து திருமணச் சட்டத்தில் திருமணமாகி ஒரு வருடம் முடியாமல் விவாகரத்து மனு போட முடியாது, விதிவிலக்கு மிகக் குறைவு. பரஸ்பர சம்மதம் என்றாலும் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்றாலும், எப்போதும் செய்யும் என்று நம்பியிருக்க முடியாது. இத்தனை காலமும் குழந்தை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஜீவனாம்ச (எம்.சி.) மனுவை முதலில் போடு.

அபிடவிட்டைக் கட்சிக்காரரிடம் கொடுத்து “நிரப்பிக்கொண்டு வாங்க” என்று அனுப்பிவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து நீ நிரப்பு. எதிர்த்தரப்பு தரும் அபிடவிட்டைப் படிக்கும்போது வங்கிக் கணக்கு அறிக்கையை அருகில் வைத்துக்கொள். சம்பளம் 52,000 வருகிறது, மறுநாளே 15,000 அம்மா கணக்குக்குப் போகிறது, ஐந்தாம் தேதி 20,000 வீட்டுக் கடன் தவணை. அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது, வழக்குக்கு முன் வாங்கிய கடனா பின் வாங்கிய கடனா, அம்மாவுக்குப் போன பணம் வேறு வழியில் திரும்பி வருகிறதா என்று தேடு. வருமான வரி மாதிரி சட்டப்படி கட்டாயமான பிடித்தம் வேறு, தானாக வாங்கிக்கொண்ட கடன் வேறு. நீதிமன்றங்கள் பொதுவாக முன்னதைத்தான் கழிக்க விடும். விவசாயக் குடும்பம் என்றால் அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது: நிலத்தின் பரப்பு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், ஆடு, மாடு, கோழி வரை கேட்கிறது. “விவசாயம், வருமானம் நிச்சயமில்லை” என்று ஒரே வரியில் எழுதித் தப்பிப்பவர்களிடம் அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லி வற்புறுத்து. இந்த முறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று 2023 நவம்பரில், ஒரு குழந்தையின் பராமரிப்புத் தொகை பற்றிய வழக்கிலேயே, உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு சொல்லி, தீர்ப்பை மறுபடி எல்லா நீதிமன்றங்களுக்கும் அனுப்பச் சொன்னது. அபிடவிட் இல்லாமலே விசாரணை நகர்ந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டியது உன் வேலை.

தொகையைப் பற்றிப் பேசும்போது கட்சிக்காரர்கள் “சம்பளத்தில் கால் பங்கு” என்பார்கள். 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மனைவிக்கு நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று சொன்னதிலிருந்து வந்தது அது. எல்லா வழக்குக்குமான விதி அல்ல. குழந்தைக்குச் செலவிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். உன் கட்சிக்காரரின் ஊரையும் குழந்தையின் வயதையும் மனதில் வைத்து நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பால், முட்டை, பழம், சாப்பாடு மாதம் 3,000. டயபர், சோப்பு, மருந்து, டாக்டர் 1,500. பிளே ஸ்கூல் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,000. தாய் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 4,000. வீட்டு வாடகை 9,000, வீட்டில் மூன்று பேர், குழந்தையின் பங்கு 3,000. துணிமணி, ஆட்டோ, மற்றவை 1,000. ஆக 14,500. வாடகையில் குழந்தைக்கும் பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. பார்த்துக்கொள்ளும் செலவையும் விட்டுவிடுவார்கள், பாட்டி சும்மா பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பில். அந்தப் பாட்டிக்கு மூட்டுவலி, அறுபத்து மூன்று வயது என்று நீதான் எழுதியிருந்தாய்.

இனி 8 லட்சத்தைப் பார். குழந்தைக்கு இரண்டு வயது. பதினெட்டு ஆக இன்னும் 192 மாதம். முழு 8 லட்சத்தையும் குழந்தைக்கே என்று வைத்தாலும் மாதத்துக்கு 4,167 ரூபாய்தான். பெண்ணின் அப்பா கல்யாணக் கடனில் இன்னும் 3 லட்சம் பாக்கி என்கிறாய். பணம் வந்த வாரமே அது போய்விடும். மிச்சம் 5 லட்சம், மாதத்துக்கு 2,604. தாய்க்கு ஒன்றுமே இல்லாமல். 52,000 சம்பளம் வாங்கும் தகப்பன் இப்போது 14,500 செலவில் பெரும்பகுதியைத் தருவதும், தாய் 18,000 சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் இருவரின் வருமான விகிதப்படி பிரித்துக்கொண்டு 10,800 அளவில் தருவதும் நியாயமான கோரிக்கை. இந்தத் தாளை அந்தப் பெரியவர்கள் முன்னால் வை. எட்டு லட்சம் பெரிய தொகை என்று நினைத்தவர்கள் மாதக் கணக்கைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவார்கள்.

“குழந்தைக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரியை அடித்துவிடு. தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பிற்பாடு குழந்தை சார்பில் மனு போட்டால் அந்த வரி நிற்காது. அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்வார்கள், சில சீனியர்களே சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. அந்த வரியை நம்பித் தகப்பன் எல்லாம் முடிந்தது என்று இன்னொரு குடும்பம் தொடங்கிவிடுவான். ஏழெட்டு வருடம் கழித்துச் சம்மன் போனால் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைப்பான், அந்தக் கோபம் முழுக்கக் குழந்தைமேல்தான் இறங்கும். தாயோ கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்ற பயத்தில் கேட்காமலே இருந்துவிடுவார். நிற்காத வரியால் இரு வீட்டுக்கும் கெடுதல்தான்.

அந்த இடத்தில் வேறு எழுது. மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்குக்கு. உயர்வு எப்படி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மனைவிக்கான தொகையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்த்தச் சொன்னது. குழந்தைக்கு அது போதாது என்பது என் கருத்து. எல்.கே.ஜி., ஆறாம் வகுப்பு, பிளஸ் ஒன் என்று படிப்படியாகச் செலவு தாவும், அந்தந்தப் படியில் தொகை கூடும்படி எழுதுவதே பொருத்தம். பள்ளிக் கட்டணத்தில் தகப்பன் பங்கு எவ்வளவு, ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் யார் எவ்வளவு, அலுவலக மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின் பெயர் தொடர வேண்டும் என்பது. 144-ஆம் பிரிவு பொதுவாகக் குழந்தைக்குப் பதினெட்டு வயதோடு நின்றுவிடும், கல்லூரி தொடங்குவதே அப்போதுதான். 1956-ஆம் வருடச் சட்டத்தில் மணமாகாத மகளுக்கு அதற்கு மேலும் உரிமை இருக்கிறது. மகனாக இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே கல்லூரிச் செலவையும் ஒப்பந்தத்தில் சேர். பாஸ்போர்ட்டுக்குத் தகப்பன் கையெழுத்துப் போடுவார் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் பெரிய அலைச்சல் மிச்சம்.

தகப்பன் வெளிநாடு போகிறார், மாதாமாதம் வாங்குவது சிரமம் என்றால் குழந்தைக்கும் ஒரு தொகையை மொத்தமாக வாங்கலாம். ஆனால் அது தாயின் டி.டி.யோடு சேரக் கூடாது. குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகை, வட்டியை மட்டும் தாய் மாதாமாதம் எடுக்கலாம், அசலை நீதிமன்ற அனுமதியில்லாமல் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவிலேயே வரவேண்டும். பெண் குழந்தை என்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் வருடத்துக்கு 1.5 லட்சம் வரை தகப்பன் கட்டுவதாகவும் சேர்க்கலாம். இதற்கும் மேலே, இங்கே அவருக்கு இருக்கும் வீட்டையோ நிலத்தையோ ஜீவனாம்சத்துக்குப் பொறுப்பாக்க 25-ஆம் பிரிவு இடம் தருகிறது. வெளிநாட்டுச் சம்பளத்தைப் பறிமுதல் செய்ய இங்கிருந்து முடியாது, உள்ளூர் நிலத்தை முடியும்.

குறுகிய காலத் திருமணங்களில் ஒரு கேவலமான வாதம் அடிக்கடி தலைகாட்டும். குழந்தையே தன்னுடையது இல்லை, டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும் என்பது. திருமணம் நடப்பில் இருக்கும்போது, அல்லது முறிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாமல் இருக்கையில் பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதே என்பது சாட்சியச் சட்டத்தின் அனுமானம். புதிய சட்டத்தில் அது 116-ஆம் பிரிவு. கேட்டவுடன் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது, குழந்தையின் நலனைப் பார்க்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. உண்மையான சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிற வழக்கு வேறு. தொகையைக் குறைப்பதற்காக, எதிர்வுரையில் போகிறபோக்கில் “இக்குழந்தை இந்த எதிர்மனுதாரருக்குப் பிறந்ததல்ல” என்று எழுதுவது மன்னிக்க முடியாதது. வழக்குக் கட்டு எரிந்துபோவதில்லை. அந்தப் பெண் வளர்ந்து ஒருநாள் சான்றிட்ட நகல் வாங்கிப் படிக்கலாம். நீ கணவன் தரப்பில் நிற்கும் நாளில் இந்த வரியை எழுதச் சொன்னால் மறுத்துவிடு.

உத்தரவு வாங்கியதோடு வேலை முடியாது. நம்மில் பலர் அங்கேதான் கட்சிக்காரரைக் கைவிடுகிறோம். 144-ஆம் பிரிவில் பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். “வந்துரும் வந்துரும்” என்று இருந்தால் பழைய மாதங்கள் கைநழுவும். தாயிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்: மாதம், வரவேண்டியது, வந்தது, தேதி. மாமா கையில் கொடுத்தனுப்பினேன், கோயிலில் வைத்துக் கொடுத்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் வங்கி வழியாக மட்டும் வாங்கச் சொல். பணம் கட்டாமல் சிறைக்குப் போய்வந்தாலும் கடன் தீராது. உரிமையியல் வழியில் சம்பளத்தைப் பறிமுதல் செய்யும்போது, சாதாரணக் கடன்காரனுக்கு இல்லாத ஒரு வசதி ஜீவனாம்ச டிக்ரிக்கு இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் விட்டுவைக்க வேண்டும், மிச்சத்தைப் பிடிக்கலாம். நிறைவேற்று மனு (இ.பி.) போட்டு அலுவலகத்துக்கு நோட்டீஸ் போனதும் பாக்கி வந்துவிடுகிற வழக்குகளே அதிகம்.

குழந்தையைப் பார்ப்பதும் பணமும் தனித்தனி. “பாக்கவே விடலை, எதுக்குப் பணம்?” என்பது அப்பாக்கள் சொல்வது. “பணமே தரலை, எதுக்குக் காட்டணும்?” என்பது தாய் வீட்டார் சொல்வது. உன் கட்சிக்காரர் இரண்டாவதைச் சொன்னால் கண்டித்துத் திருத்து. அந்தக் குழந்தைக்கு அப்பாவின் பணத்தில் உரிமை இருக்கிற மாதிரி அப்பாவிடமும் உரிமை இருக்கிறது. வரைவில் பார்க்கும் நாள், இடம், வீடியோ அழைப்பு நேரம் எதுவுமே இல்லை. அதையும் சேர். தகப்பனுக்குக் குழந்தையின் முகம் பழகப் பழகத் தொகையும் ஒழுங்காக வரும் என்பது இத்தனை காலத்தில் நான் கண்டது.

நாளைக்கே நீ கணவன் தரப்பில் நிற்கலாம். அப்போதும் இந்தக் கடிதத்தில் ஒரு வரியும் மாறாது. முப்பது வயதுப் பையன், வயதான பெற்றோர், தங்கை கல்யாணக் கடன் என்று உண்மையான பாரம் இருக்கும். அதைத் தாளோடு காட்டு. தாயும் சம்பாதிக்கிறார் என்றால் அதையும் காட்டு. கல்யாணமாகிச் சில மாதத்தில் முறிந்ததற்கு ஆயுள் தண்டனை போல் கேட்டால் எதிர்த்து வாதாடு, அதற்குச் சட்டம் இருக்கிறது. வேலையை விடச் சொல்லாதே, சம்பளத்தைக் குறைத்துச் சீட்டு வாங்கிவரச் சொல்லாதே, நிலத்தை அண்ணன் பெயருக்கு மாற்றச் சொல்லாதே. உடல் வலுவுள்ளவன் உழைத்தாவது காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டதால் அந்த யோசனைகள் பலிப்பதும் இல்லை. மாறாக, உத்தரவு வருவதற்கு முன்பே குழந்தைக்கென்று ஒரு நியாயமான தொகையை மாதாமாதம் வங்கி வழியே அனுப்பத் தொடங்கச் சொல். வழக்குக்கும் அதைவிட நல்ல சாட்சியம் கிடையாது.

கணக்குத் தாளைப் பெரியவர்களுக்குக் காட்டினாலும், திருத்திய வரைவில் கையெழுத்தை அவர்கள் முன்னால் வாங்காதே, சமரச மையத்துக்குப் போ. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தொடங்கியது, இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. அங்கே சமரசர் முன்னால் எழுதிய ஒப்பந்தத்தில் யார் என்ன கேட்டார்கள், என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பதில் பின்னால் தகராறு வராது.

கட்டணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. இருந்தும் நம் வளாகத்தில் அது நடக்கிறது என்பது உனக்கும் தெரியும். உன் கட்டணத்தை முதல் நாளே ஒரு தொகையாகச் சொல். தாயின் பணத்திலிருந்து தவணையாக வாங்கிக்கொள், முடியாதவரிடம் விட்டுவிடு, இலவசச் சட்ட உதவிக்கு வழிகாட்டு. குழந்தையின் பெயரில் வருகிற டி.டி.யை உன் அலுவலக பீரோவில் ஒரு நாள்கூட வைக்காதே. நகலைக் கட்டில் சேர், அசலைத் தாயின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கு, வைப்புத்தொகை ரசீது வந்ததும் அதன் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்.

அன்புடன்,
உன் அக்கா